பதினேழாம் எண் அறையின் வரைபடம்

கணக்கு வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அளவுகோல். அது அவர் காதிலும் விழுந்திருந்தது. கோபம் வரவில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்புக்கு அவர் ஒரு வேலை கொடுப்பார். அவரவர் வீட்டை நாடாவால் அளந்து, தாளில் வரைபடம் போட்டு வர வேண்டும். சுவரின் கனம், கதவு திறக்கும் பக்கம், கதவு எண், எதுவும் விட்டுப்போகக் கூடாது. "உள்ளதை உள்ளபடி வரைங்க. கதை விட்டா எனக்குத் தெரிஞ்சிடும்" என்பார். தெரிந்துவிடும் என்று மனதார நம்பவும் செய்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த வகுப்பில் முந்திரிக்கொட்டை என்று ஒரு பெண். கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் கை தூக்கிவிடுவாள், அதனால் அந்தப் பெயர். அவள் கொண்டுவந்த தாளில் ஒரே ஒரு செவ்வகம் இருந்தது. மூன்று மீட்டருக்கு இரண்டரை. ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் சுவருக்குப் பதிலாக, சுருட்டி ஏற்றும் ஷட்டர். அதை ஒட்டி ஒரு தூண். உள்ளே ஓர் அலமாரி, மூன்று பாய், மூலையில் ஒரு வாளி. கதவு எண் பதினேழு. பாய்களுக்கு நடுவே பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளி என்றுகூடக் குறித்திருந்தாள்.

வேலைக்குச் சோம்பிக்கொண்டு எதையோ கிறுக்கியிருக்கிறாள் என்று அளவுகோல் முடிவு கட்டினார். தாளைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார்.

"இது வீடா, பொட்டிக்கடையா? அடுப்பு எங்க? குளிக்கிற எடம் எங்க? ஷட்டரை இறக்கிட்டா மூச்சை எங்க கடன் வாங்குவீங்க?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எதற்கும் முந்திக்கொண்டு கை தூக்கும் பெண் அன்று குனிந்த தலை நிமிரவில்லை. இருபது வருஷம் பிள்ளைகளோடு மாரடித்த மனுஷர் அதைக் கவனித்திருக்க வேண்டாமா? கவனிக்கவில்லை. சிவப்பு மையில் 'மீண்டும் வரைக' என்று எழுதினார். அதோடாவது விட்டாரா? எப்படி வரையக் கூடாது என்பதற்கு உதாரணமாக அறிவிப்புப் பலகையில் குத்தியும் வைத்தார். பெயர் இருந்த ஓரத்தை மட்டும் மடித்து மறைத்தார். அதைத் தன் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். வந்தவர்களில் ஒருவர் கிடங்கு மேற்பார்வையாளர். வீடு மாறுகிறவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களைப் போட்டுவைக்க, அறை அறையாக வாடகைக்கு விடும் கிடங்கு அது. மகனின் மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டுத் திரும்பியவர் பலகையைப் பார்த்தார்.

"என்ன சார், எங்க கிடங்கையே வரைஞ்சு வச்சிருக்கீங்க?" என்று சிரித்தார். பிறகு கிட்டே போனார். சிரிப்பு நின்றுவிட்டது. "பதினேழு. அந்தத் தூண்கூட இருக்கே. யாரு சார் வரைஞ்சது?"

அளவுகோல் தாமே மடிப்பைப் பிரித்துப் பெயரைக் காட்டினார். "நல்லாப் படிக்கிற பொண்ணுதான். இந்தத் தடவை எங்கயோ பாத்து ஏதோ போட்டுட்டா."

திங்கட்கிழமை காலை மேற்பார்வையாளர் பள்ளி வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி சார். சாமான் வைக்கிற எடத்துல ஆளுங்க குடியிருந்திருக்காங்க! அம்மா, பொண்ணு, ஒரு பொடியன். ஏழெட்டு மாசமா எங்களுக்குத் துப்பே கெடைக்கல. நேத்து பூட்டை மாத்திட்டேன். பாவம்தான், ஆனா மேல தெரிஞ்சா என் வேலைக்கு உலை வச்சிடுவாங்க. அந்தம்மா மூட்டையைக் கட்டிக்கிட்டு எறங்கிட்டாங்க சார்."

செருப்பால் அடித்திருந்தால்கூட அளவுகோலுக்கு அவ்வளவு வலித்திருக்காது. வகுப்புக்குப் போனார். முந்திரிக்கொட்டையின் இடம் காலி. பலகையில் அந்தத் தாள் அப்படியே தொங்கியது. பிள்ளைகள் பார்க்கப் பார்க்க அதைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

மதியம் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிடங்குக்குப் போனார். பதினேழில் புதுப் பூட்டு தொங்கியது. பக்கத்து அறையின் ஷட்டர் பாதி திறந்திருந்தது. அதே தூண், அதே மூன்றுக்கு இரண்டரை. பெண் இம்மியும் பிசகவில்லை.

எதிரே பேருந்து நிறுத்தத்தில் அவர்கள் இருந்தார்கள். துப்புரவு வேலைக்கான நீலச் சட்டையைக்கூட மாற்றாமல் அம்மா. மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்த தம்பி. பள்ளிச் சீருடையில் முந்திரிக்கொட்டை. அம்மா அவரைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"சார், மன்னிச்சிடுங்க. யாருகிட்டயும் மூச்சு விடாதேன்னுதான் சொல்லி வச்சிருந்தேன். நீங்க உள்ளபடி வரையச் சொன்னீங்கன்னு இவ வரைஞ்சிட்டா. உங்களுக்கும் தொந்தரவு."

மன்னிப்பு! யார் யாரிடம் கேட்பது? அவருக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது.

"அவ சரியாத்தாம்மா வரைஞ்சா. நான்தான்..."

முந்திரிக்கொட்டை வழக்கம்போல அவர் முடிப்பதற்குள் கை தூக்கினாள்.

"சார், மறுபடி வரைஞ்சிட்டு வரச் சொன்னீங்களே. இப்ப எதை அளக்கிறது?"

அவள் குத்திக்காட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அவள் நோட்டைத் திறந்து, பென்சிலையும் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள். அளவுகோல் குனிந்து பெரிய மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். எந்தப் பக்கம் நடப்பது என்று அவருக்கும் தெரியவில்லை.