சின்னது போகிறது, பெரியது போகவில்லை

என் வேலை பார்ப்பது, தொடுவது அல்ல. சிறையில் இருப்பவர்களை வீட்டார் வீடியோவில் பார்த்துப் பேசுவதற்கென்று இருக்கும் அலுவலகத்தில் நான் சோதனைக்காரி. இந்தப் பக்கத்துக் கேமராவின் படத்தை ஒரு மெய்நிகர் கணினி வாங்கிக்கொள்ளும், சிறைப் பக்கத்துப் படத்தை இன்னொன்று வாங்கிக்கொள்ளும். இரண்டுமே மென்பொருளால் ஆனவை. நடுவில் நின்று தகவலை வாங்கிக் கைமாற்றிவிடும் சுவிட்சும் மென்பொருள்தான். ஒயரைப் பிடுங்கி மாட்டலாம், பெட்டியைத் தட்டிப் பார்க்கலாம் என்றால் அப்படி ஒரு எழவும் கிடையாது. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தகவல் போகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். போகவில்லை என்றால் சுவிட்ச்காரருக்குப் போன் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். வாயை மூடுவது மட்டும் எனக்கு இன்றுவரை கைவரவில்லை.

அன்று முதல் ஆளாக ஒரு அம்மா வந்தார். இஸ்திரி போட்ட துணி, படிய வாரிய தலை. மகன் சிறை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு இப்போதுதான் அறைக்குத் திரும்பியிருக்கிறானாம். என்ன வியாதி என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"கடுதாசி போட்டான்மா. நல்லா இருக்கேன், கவலப்படாதன்னு. சின்ன வயசுல கை ஒடிஞ்சு வந்து நின்னப்பவும் அப்படித்தான் சொன்னான். மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும். அதுக்குத்தான் வந்தேன்."

மாதத்துக்கு ஒரு தடவை, கால் மணி நேரம். இணைப்பு விழுந்ததும் கடிகாரம் தானாக ஓட ஆரம்பித்துவிடும். படம் வந்ததா, பேசினார்களா என்பதெல்லாம் அதற்குக் கவலை இல்லை.

நான் வந்ததுமே பிங் அடித்துப் பார்த்திருந்தேன். 'இருக்கிறாயா' என்று ஒரு சின்னத் தகவல் பொட்டலம், எங்கள் பாஷையில் பாக்கெட், போகும், 'இருக்கிறேன்' என்று பதில் வரும். ஒன்றுகூடத் தவறாமல் எல்லாப் பதிலும் வந்தது. "எல்லாம் சரியா இருக்கும்மா, உக்காருங்க" என்று நானேதான் கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தேன்.

மணி அடித்தது. திரையில் மகனின் கைதி எண் வந்தது. பச்சைப் புள்ளி வந்தது. கடிகாரம் ஓடத் தொடங்கியது. படம் வரவில்லை. குரலையும் படத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புவதுதான் எங்கள் ஏற்பாடு. அதனால் குரலும் வரவில்லை. பச்சைப் புள்ளியை நம்பி அந்த அம்மா கறுப்புத் திரையைப் பார்த்துச் சிரித்தார். "கண்ணா, அம்மா தெரியிறனா?" என்றார்.

சுவிட்ச்காரரைக் கூப்பிட்டேன். எதைக் கேட்டாலும் பச்சையாகத்தான் இருக்கிறது என்பார். அதனால் எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பச்சை என்றே பெயராகிவிட்டது.

"பிங் அடிச்சுட்டேன், பதில் வருது. எங்க பக்கம் பச்சையாத்தான் இருக்கு. உங்க கேமராவப் பாருங்க."

"கேமராவுக்கு ஒரு கேடும் இல்ல. நேத்து எதையாவது நோண்டினீங்களா?"

"ஒண்ணும் இல்லையே." கொஞ்சம் யோசித்தார். "ஒரு மெஷின மட்டும் வேற சர்வருக்கு மாத்தினோம். அது சும்மா மாத்துறதுதான்."

சும்மா மாற்றினார்களாம். எனக்கு மண்டை சூடேறியது. நேற்றுவரை இரண்டு கணினிகளும் ஒரே சர்வருக்குள் இருந்தன. சுவிட்ச் உள்ளுக்குள்ளேயே வாங்கிக் கொடுத்துவிடும். இப்போது ஒன்று வேறு இடத்துக்குப் போய்விட்டதால், ஒவ்வொரு பாக்கெட்டையும் இன்னொரு உறைக்குள் போட்டு வெளியே அனுப்ப வேண்டும். சின்னதுக்கு உறை போட்டால் ஒன்றும் ஆகாது. படத்தின் பாக்கெட்டோ ஏற்கெனவே முழு அளவு. உறையும் சேர்ந்தால் வழியை விடப் பெரிதாகிவிடும். வழியில் இருக்கும் கருவி அதைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். தபால் பெட்டியின் வாயில் கடுதாசி நுழையும், தலையணை நுழையாது. நாங்கள் எல்லோரும் கடுதாசியைப் போட்டுப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

"பச்சை, ஒரு உபகாரம் பண்ணுங்க. பெரிய பாக்கெட்டா ஒண்ணு அனுப்புங்க. வழியில துண்டு துண்டாப் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்புங்க."

"எதுக்கு? அதான் போகுதே."

"அனுப்பிட்டுப் பேசுங்க."

தட்டச்சுச் சத்தம் கேட்டது.

"ஆமா, வரல" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"வழியோட அளவக் கூட்டிவிடுங்க. ஒரே ஒரு வரிதான், உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். மேல கேக்காம நான் மாத்தக் கூடாது. கேட்டுட்டுக் கூப்பிடுறேன்."

அந்த வரி எனக்கும் தெரியும். அமைப்பைத் திறந்தால் அந்த எண் என் கண்ணுக்கு எதிரிலேயே நிற்கிறது. திருத்தப்போனால் அனுமதி இல்லை என்கிறது. பைத்தியக்காரிபோல் மறுபடி மறுபடி அதையே அழுத்திப் பார்த்தேன். கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சிறைப் பக்கத்துக் காவலரும் நாங்களும் வேலை விஷயம் பேசிக்கொள்ள ஒரு சின்ன எழுத்துப் பெட்டி உண்டு. எழுத்துதானே, அது போகும். படம் வரவில்லை, சரிசெய்கிறார்கள், நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று அடித்தேன். விதியில் இடமில்லை, அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று உடனே பதில் வந்தது. நல்லா இருப்பாய் என்று மனசுக்குள் திட்டினேன். அந்த மனுஷரும் என்னைப்போல் ஒரு நாற்காலிக்குக் கட்டுப்பட்டவர்தான், என்ன செய்வார்?

அந்த அம்மா கண்ணாடியைத் தட்டினார். போய் விஷயத்தைச் சொன்னேன். பாக்கெட், உறை என்றெல்லாம் சொல்லவில்லை. "படம் வழியில மாட்டிக்கிச்சும்மா. எழுத்து மட்டும் போகுது. எதாவது கேக்கணும்னா சொல்லுங்க, நான் அடிக்கிறேன்" என்றேன்.

"எப்படிடா இருக்கேன்னு கேளும்மா."

அடித்தேன். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது: நல்லா இருக்கேன்மா. கவலைப்படாதே.

என் திரையைத் திருப்பிக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன்? இதத்தான் கடுதாசியிலயே எழுதிட்டானே."

மறுபடி பச்சையைக் கூப்பிட்டேன். மேலதிகாரி ஒரு கூட்டத்தில் இருக்கிறார், வாசலில்தான் நிற்கிறேன் என்றார். பொய் சொல்லவில்லை, மூச்சு வாங்கியது. "அந்தம்மா கண்ணு முன்னாடி உக்காந்திருக்காங்கய்யா" என்றேன். எனக்கும் புரியுதுங்க என்றார். அவரிடம் அதற்கு மேல் சண்டை போடவும் எனக்குத் தெம்பில்லை. அறைக்குத் திரும்பி அந்த அம்மாவின் பக்கத்தில் நின்றேன். வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

நேரம் முடிந்த மணி அடித்தது. அந்தப் பக்கம் பொத்தானை அமுக்கும்வரை இணைப்பு அறுபடாது. அந்த இடைவெளியில் திரை ஒருமுறை வெட்டியது. அப்புறம் படம் வந்தது. அவ்வளவு துல்லியமாக நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

நாற்காலி காலியாக இருந்தது. அதற்குப் பின்னால், கதவை நோக்கி ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். ஒரு கை சுவரில் ஊன்றியிருந்தது. மறு கையைக் காவலர் பிடித்திருந்தார். விரல்கள் தெரியாதபடி இரண்டு கையிலும் முழுக்கக் கட்டு.

"திரும்பிப் பாக்கச் சொல்லும்மா" என்றார் அந்த அம்மா.

மைக்கில் கத்தினேன். அந்தப் பக்கம் ஒலிபெருக்கியை அணைத்திருக்க வேண்டும், யாரும் திரும்பவில்லை. கதவு மூடியது. ஒரு கை வந்து பொத்தானை அமுக்கியது.

என் போன் அடித்தது. வரியை மாற்றிவிட்டேன் என்று சொல்லப் பச்சைதான் கூப்பிட்டிருப்பார். எடுக்கவில்லை.

அந்த அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"ரெண்டு கையிலயும் கட்டு இருக்கே. நல்லா இருக்கேன்னு அடிச்சது யாரும்மா?"