இடிக்கு ஓர் எடுத்துக்காட்டு

ஆறு மணிக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். தண்ணீர் பிடித்து வைத்தேன். ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ரொட்டி தின்றேன். ஒன்பது மணிக்கு அகராதி அலுவலகத்தில் இருந்தேன்.

சிரிப்பு மாடிப்படிவரை கேட்டது. ‘இடி’ என்ற சொல் வரும் பக்கம் பன்னிரண்டு மணிக்கு அச்சகம் போக வேண்டும். முதல் பொருள், வானில் கேட்கும் முழக்கம். அதற்கு எடுத்துக்காட்டு இருந்தது. இரண்டாவது பொருள், மின்னலாகத் தரையில் வந்து விழுவது. அதற்கு என் மனைவி சேர்த்து வைத்த அட்டைகள் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றும் சாபம். பஸ் நிறுத்தம், தண்ணீர்க் குழாய், பக்கத்து வீட்டுச் சண்டை எதையும் விட்டதில்லை அவள். காதில் விழுந்ததைத் தேதி போட்டு எழுதிவிடுவாள். எழுதும்போதே சிரிப்பாள். அவள் போய் நான்கு மாதம்.

அகராதியைத் தொகுக்கும் ஆசிரியர் அம்மா ஓர் அட்டையை வாசித்தார். “‘உன் தலையில இடி விழ, உன் சைக்கிள் தலையிலயும் விழ.’ ஏம்பா, சைக்கிளுக்குத் தலை ஏது?”

“பெல் இருக்கே மேடம்” என்றார் மெய்ப்புத் திருத்துபவர். எங்களுக்கு அவர் கால்புள்ளி.

“பிள்ளைங்க வாங்கற புத்தகம்யா. திறந்ததுமே திட்டு விழுந்தா நல்லாவா இருக்கும்?”

“அப்ப இதைப் போடுங்க. ‘மரத்தில் இடி விழுந்தது.’”

“யார் சொன்னது? எப்ப?”

“நான்தான். இப்பத்தான்.”

“உன் தலையில…” என்று தொடங்கிய ஆசிரியர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

“நாப்பத்திரெண்டு!” என்று கத்தினார் கால்புள்ளி.

மேசை குலுங்கியது. நானும் சிரித்தேன். நான்கு மாதத்தில் முதல்முறை. நிறுத்த முடியவில்லை.

இட்டுக்கட்டிய வாக்கியத்தை நாங்கள் போடுவதில்லை. யாராவது வாயால் சொல்லியிருக்க வேண்டும். “கிடைக்கலேன்னா அந்தப் பொருளையே தூக்கிடலாம்” என்றார் ஆசிரியர் அம்மா. தூக்கினால் என் மனைவியின் அட்டைகள் மொத்தமும் வீண்.

என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

அன்று ஆஸ்பத்திரி ஜன்னல் பளீரென்று வெளுத்தது. கண்ணாடி அதிர்ந்தது. நான் துள்ளி எழுந்தேன். கட்டிலில் அவள் மூச்சு வாங்கச் சிரித்தாள். பிறகு ஒன்று சொன்னாள். அவள் சொன்னபடியே செய்தேன். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

வெற்று அட்டை ஒன்றை எடுத்தேன். தேதி போட்டேன். சொன்னவர்: என் மனைவி.

“திட்டு இருக்காப்பா?” என்றார் ஆசிரியர் அம்மா.

“சின்னதா ஒண்ணு.”

எழுதினேன்.

“எங்கயோ இடி விழுந்திருக்கு, பயந்தாங்கொள்ளி. நமக்கில்ல. போய்ச் சாப்பிட்டுட்டு வா.”