ஐந்தும் ஒன்றும்

எங்கள் ஹாப்பாய் தீவின் தேவாலயப் பாடகர் குழுவில் முதல் குரல் லோசேலிதான். இதயத்தில் உலோக வால்வு பொருத்தியிருப்பதால், ரத்தம் உறையாதிருக்க அவளுக்குத் தினமும் ஆறு மில்லிகிராம் மருந்து வேண்டும். இதுவரை மூன்று மில்லிகிராம் மாத்திரை இரண்டு விழுங்கி வந்தாள். இந்த மாதம் கப்பலில் அது வரவில்லை. ஐந்து மில்லிகிராமில் ஒன்று, ஒரு மில்லிகிராமில் ஒன்று சேர்த்து விழுங்கச் சொல்லி நர்ஸ் இரண்டு டப்பா கொடுத்தார்.

ஞாயிறு விருந்தில் கணவன் சதேகி பழக்க தோஷத்தில் ஒரே டப்பாவிலிருந்து இரண்டை எடுத்து அவள் கையில் வைத்தான். பந்தியே காத்திருந்தது; உமு அடுப்பில் வெந்த பன்றிக்கறி ஆறிக்கொண்டிருந்தது. லோசேலி அவசரப்படவில்லை. மாத்திரைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

“என்னங்க, ரெண்டுலயும் அஞ்சுன்னு இருக்கு. பத்தாயிடுமே! ரத்தம் கசிய ஆரம்பிச்சா நிக்காது.”

“எப்பவும் ரெண்டுதானே?”

“ரெண்டா கணக்கு? ஆறுதான் கணக்கு.”

நாத்தனார் ஓஃபா சிரித்தாள். “சுருதி தப்பினாத்தான் அண்ணி இப்படி முறைப்பாங்கன்னு நெனச்சேன்!”

சதேகி முகம் சிவக்க எழுந்துபோய், ஒன்றை மாற்றிக்கொண்டு வந்தான். “இப்ப கூட்டிப் பாரு.”

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் நிஜமாகவே கூட்டிப் பார்த்த பிறகுதான் விழுங்கினாள். எனக்கு அவள் பாட்டைவிட அந்த நிதானம்தான் பிடித்திருந்தது.