எண் இல்லாத தாவல்

பத்து வருடம் தேசிய அணியில் கார்லிகாஷ் ஒருத்திதான் பெண்ணாக இருந்தாள். பனிமேட்டிலிருந்து ஆகாயத்தில் எகிறி, கரணம் அடித்து, உடம்பைத் திருகி, சரிவில் வந்து இறங்கும் பனிச்சறுக்குக்காரர்களின் அணி அது. எந்த நாட்டுக்குப் போனாலும் ஆண்கள் இரண்டிரண்டு பேராகத் தங்குவார்கள். அவளுக்கு மட்டும் தனி அறை.

"மகாராணிக்குத் தனி அரண்மனைப்பா!" என்று அணியிலிருந்த நூர்தாய் கிண்டலடிப்பான். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் சீட்டாடிச் சிரிப்பது கேட்கும். அவள் பால் விட்ட டீயைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவாள்.

போன வருடம் தோக்ஜான் அணிக்கு வந்தாள். பதினெட்டு வயது. ஜன்னலோரக் கட்டிலை கார்லிகாஷ் அவளுக்கு விட்டுக்கொடுத்தாள். அந்தப் பெண் தூக்கத்தில் பேசும். குளியலறை முழுக்க முடியை உதிர்த்து வைக்கும். எதுவுமே கார்லிகாஷுக்குத் தொந்தரவாகப் படவில்லை.

மார்ச் மாதம் அல்மாட்டி நகரத்துக்கு மேலே மலையில் சர்வதேசப் போட்டி. கலப்பு அணிக்கு இரண்டு ஆண்கள், ஒரு பெண். அன்று காலைச் சாப்பாட்டின்போது பயிற்சியாளர் எர்போலாத் பெயர்களைப் படித்தார். நூர்தாய், அலிஷேர், தோக்ஜான்.

கார்லிகாஷ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஓரம் விடாமல் தடவி முடித்தாள்.

"நீ முன்தாவல் பண்ணிடும்மா," என்றார் அவர்.

போட்டிக்கு முன்னால் தாவிப் பார்த்து, மேடும் காற்றும் எப்படி என்று சொல்கிற வேலை அது. மார்பில் எண் கிடையாது. மதிப்பெண்ணும் கிடையாது.

"சரி, அகாய்." பெரியவர் என்கிற மரியாதையோடு அணியில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

தோக்ஜான் அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, நான் கேக்கல. சத்தியமா நான் கேக்கல."

"தெரியும்டி. சாப்பிடு."

மதியம் கார்லிகாஷ் மேலே ஏறி நின்றபோது கீழே கூட்டம் சுட்ட இறைச்சி விற்கும் கடைப் பக்கம் வரிசையில் நின்றது. அறிவிப்பாளர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரணமாக ஒன்று தாவினால் போதும். ஆனால் சறுக்கத் தொடங்கியதும் அவள் மனசு வேறு கணக்குப் போட்டுவிட்டது. மூன்று கரணம், மூன்று திருகல். எந்தப் போட்டியிலும் அவளுக்குச் சரியாக அமையாத தாவல். உச்சியில் எதிர்காற்று அறைந்தது. வானம், தேவதாரு மரங்கள், பனி, மறுபடி வானம். கால்கள் இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. ஆடாமல் அசையாமல் கீழே வரை வந்து நின்றாள்.

யாரும் கைதட்டவில்லை.

அவள் இடுப்பிலிருந்த கை ரேடியோவில் எர்போலாத்தின் குரல் வந்தது. "காத்து எப்படி?"

அவள் பொத்தானை அழுத்தாமல் மேட்டு உச்சியைத் திரும்பிப் பார்த்தாள். ஏற்கெனவே குறித்திருந்த புறப்பாட்டுக் கோட்டிலிருந்து கிளம்பினால், எடை குறைந்த தோக்ஜானுக்கு வேகம் பத்தாது. சரிவுக்கு வந்து சேராமல் மேட்டு விளிம்பிலேயே விழுவாள். கீழே நிற்பவர்களுக்கு அந்தக் காற்று தெரியாது.

"கார்லிகாஷ்? கேக்குதா?"

"மேல எதிர்காத்து. அந்தப் பொண்ண மூணு மீட்டர் ஏறி நிக்கச் சொல்லுங்க. நல்லா மூணு மீட்டர்."

தோக்ஜான் அப்படியே செய்தாள், சுத்தமாக இறங்கினாள். அணிக்கு மூன்றாம் இடம். ஒரே கொடியை மூவரும் போர்த்திக்கொண்டு குதித்தார்கள். நடுவிலிருந்து பிய்த்துக்கொண்டு தோக்ஜான் ஓடிவந்தாள்.

"அக்கா, நீ மட்டும் சொல்லலேன்னா நான் காலி! ஆமா, நீ என்ன தாவுன? பூட்ஸ் மாட்டிட்டிருந்தேன், பாக்கல."

"ஏதோ ஒண்ணு."

படம் எடுக்கத் தோக்ஜானைக் கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டாள்.

மறுநாள் காலை, பொருள்களை வண்டியில் ஏற்றும் இடத்தில் கார்லிகாஷ் எர்போலாத்திடம் சொன்னாள். "அடுத்த சீசன் நான் வரல, அகாய்."

அவர் கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். "நேத்து நீ போட்ட தாவலப் பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ஒண்ணுமே சொல்லலையே?"

"என்னத்தச் சொல்றது? பேரு குடுத்தாச்சேம்மா."

இன்னும் ஏதாவது சொல்வார் என்று அவள் கொஞ்ச நேரம் நின்றாள். விடுதிக்கு உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் போனதும், சறுக்குக்கட்டைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அணியின் வண்டியில் ஏறாமல், நகரத்துப் பேருந்து நிற்கும் பக்கமாக நடந்தாள்.