ஒன்பதுக்கு மேல் எண்ணக் கூடாது

எங்கள் தீயணைப்பு நிலையம் அடி அண்ணாமலையிலிருந்து மேற்கே போகிற சாலையில், ஒரு கரும்புக் கொல்லைக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே மாற்றலாகி வர ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். ஏற்கெனவே வருகிறவர்கள் கம்மி.

என் பெயர் முருகையன். அந்த நிலையத்தில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்து, எட்டு வருடத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றேன். இருந்தாலும் காலை டீ அங்கேதான். நான் சொல்வதில் நாலில் ஒன்றுதான் உண்மை என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. எல்லாம் அந்த எருமையால் வந்தது. கிணற்றில் விழுந்த எருமையைக் கயிறு கட்டி மேலே ஏற்றினோம். ஏறிய எருமை சும்மா நிற்கவில்லை. உள்ளே இறங்கியிருந்த ராமதாஸை மேலே தூக்க எங்களோடு சேர்ந்து கயிறு இழுத்தது. ராமதாஸ் இல்லவே இல்லை என்கிறான். கிணற்றுக்குள் கிடந்தவனுக்கு மேலே நடந்தது எப்படித் தெரியும்?

எருமை போகட்டும். நான் சொல்ல வந்தது பத்தாவது ஆளைப் பற்றி.

காலை ஏழு மணிக்கு நிலையத்தின் முன்னால் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். வாட்ச் ரூமில் போன் பக்கத்தில் உட்காருகிறவரை விட்டால் ஒன்பது பேர். அலுவலர் எண்ணச் சொன்னதும் ஆளுக்கு ஓர் எண்ணாகக் குரல் நகர்ந்துகொண்டே போகும். ஒன்பதாவது ஆள் ‘ஒன்பது’ என்பான். அதற்குப் பிறகு, அவனுக்கு அந்தப் பக்கம், வெறும் சிமெண்டுத் தரையிலிருந்து, ‘பத்து’ என்று ஒரு குரல் கேட்கும். கரகரத்த குரல். தொண்டையில் புகை ஏறியவன் பேசுவது மாதிரி.

புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டாம் நாள் லீவு போடுவார்கள். மூன்றாம் நாள் பழகிவிடும்.

அந்தக் குரல் யாருடையது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. எண்பத்துநாலில் நிலையம் தொடங்கியபோது ஓர் ஓட்டுக் கொட்டகை, ஒரு வண்டி, ஒரு மணி, ஏழு ஆட்கள். முதல் அலுவலர் சகாதேவன். எந்த வேலை முடிந்தாலும் வண்டியில் ஏறுவதற்கு முன்னால் எண்ண வைப்பார். “நெருப்பு அணைஞ்சிச்சான்னு அப்பறம் பாரு. ஆளு சரியாக்கீதான்னு மொதல்ல பாரு” என்பார். எழுதிக் கொடுத்த உத்தரவை ஓர் எழுத்துகூட மீற மாட்டார். வண்டியைத் தினமும் கழுவ வேண்டும் என்று ஒரு தாள் வந்திருந்தது. அடைமழையில் நனைந்துகொண்டே கழுவ வைத்தார்.

எண்பத்தாறு பங்குனியில் மலையில் புல் பற்றிக்கொண்டது. அணைத்துவிட்டு இறங்கி வந்து எண்ணினால் ஆறுதான் வந்தது. மற்றவர்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, காணாமல் போனவனைத் தேடி அவர் மட்டும் மேலே போனார். போன அரை மணி நேரத்தில் காணாமல் போனவன் வேறு வழியாக இறங்கி வந்துவிட்டான். அவர் வரவில்லை. மூன்று நாள் தேடினோம். ஒரு பாறைமேல் அவருடைய தலைக்கவசம் இருந்தது. விழுந்து கிடக்கவில்லை, அலமாரியில் எடுத்து வைப்பது போல, துடைத்து, நேராக வைத்திருந்தது.

நிலையத்தில் அலுவலர்கள் பெயர்ப்பலகை ஒன்று உண்டு. ‘முதல்’, ‘வரை’ என்று இரண்டு பத்தி. சகாதேவன் பெயருக்கு நேரே ‘வரை’ இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கிறது. பொறுப்பு ஒப்படைக்கிற தாளில் கொடுத்தவர், வாங்கியவர் என்று இரண்டு கையெழுத்து வேண்டும். அடுத்து வந்தவர் வாங்கியவர் இடத்தில் போட்டார். கொடுத்தவர் இடத்தில் போட ஆள் இல்லை. மறுநாள் காலை எண்ணும்போது ஒன்று கூடுதலாக வந்தது.

முதலில் பயந்தோம். தொண்ணூற்றேழில் பயம் போயிற்று. அந்த வருடம் ஒரு பெரிய கரும்புக் கொல்லைத் தீ. ஒன்பது பேர் போனோம். முடிந்து எண்ணினால் ஒன்பது வந்தது. வழக்கமாகப் பத்து வரவேண்டுமே! அந்தக் குரல் எப்போதும் கடைசி எண்ணைத்தான் எடுத்துக்கொள்ளும். அப்படியானால் நம்மில் எட்டுப் பேர்தான் நிற்கிறோம் என்று உள்ளே ஓடினோம். ஒருவன் தோகைக்குள் மயங்கிக் கிடந்தான். பிழைத்தான். அன்று முதல் எங்களுக்கு அதுதான் விதி. பத்து வந்தால் எல்லோரும் இருக்கிறோம். ஒன்பது வந்தால் ஒருவன் இல்லை. அதற்கப்புறம் எத்தனையோ அலுவலர்கள் வந்து போனார்கள். எவரும் அதில் கை வைக்கவில்லை.

இந்த வருடம் தை மாதம் எழிலரசி புது அலுவலராக வந்தார். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். முதல் நாள் காலை எண்ணி முடிந்ததும் அசையாமல் நின்றார்.

“பத்து யாரு?”

வரிசையில் எல்லோரும் ராமதாஸைப் பார்த்தார்கள்.

“ராமதாஸ், நீங்கதானே சீனியர்? பத்து யாரு?”

“சகாதேவன் சாருங்க மேடம்.”

“அவரு எந்த டூட்டில இருக்காரு?”

“எல்லா டூட்டிலயும் மேடம்.”

பெஞ்சில் டீயோடு இருந்த நான் சிரித்துவிட்டேன். அது தப்பு. அவர் என் பக்கம் வந்தார்.

“பெரியவரே, நீங்கதானா இந்தக் கொரலு குடுக்கறது?”

“அந்தத் தெறம இருந்தா நான் எதுக்கும்மா இந்த வேலைக்கு வந்திருக்கப் போறேன்?”

என் வாயில் தண்ணீரை நிரப்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுபடி எண்ண வைத்தார். பத்து வந்தது. நான் தண்ணீரை விழுங்கினேன்.

அன்று மதியமே அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார். ‘இன்று முதல் எண்ணிக்கை ஒன்பதுக்கு மேல் போகக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.’ கீழே கையெழுத்து, முத்திரை, தேதி.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். என்னிடம் விளக்கமாகவே சொன்னார். “ஒன்பது பேரக் கூட்டிட்டுப் போனா ஒன்பது பேரத் திருப்பிக் கூட்டிட்டு வரணும். அதாங்க என் வேல. இல்லாத ஒருத்தர வெச்சுக்கிட்டு இருக்கறவங்கள எப்படி எண்றது?”

மறுநாள் ஒன்பதோடு நின்றது. அதற்கு அப்புறம் வந்த அமைதியில், பக்கத்து மண்டபத்தில் ஒருவன் நாற்காலி அடுக்குகிற சத்தம் கேட்டது. ராமதாஸ் தலையைக் குனிந்துகொண்டான். வரிசையில் கடைசியாக நிற்கிற இனியன் பிற்பாடு என்னிடம் சொன்னான்: “வூட்டுக்கு வந்த பெரிய மனுஷன வாசலோட அனுப்பிச்ச மாதிரிக்கீதுண்ணா. தோள்பட்டை இந்தப் பக்கம் சில்லுனு இருக்கும். இன்னிக்கு இல்ல.”

பங்குனி வந்தது. ஒரு நாள் நண்பகலில் மலையின் மேற்குச் சரிவில் புகை எழுந்தது. வண்டி அடிவாரம் வரைதான் போகும். ஒன்பது பேரும் எழிலரசியும் பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு மேலே ஏறினார்கள். அந்த மாதிரி இடத்தில் கிளையால் அடித்துத்தான் அணைக்க முடியும். நான் மொபெட்டில் போய்ச் சேர்ந்தேன். வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

வெயில் இருந்தது, நிழல் இல்லை. புகைக்குள் சூரியன் கழுவாத பித்தளைத் தட்டு மாதிரித் தொங்கியது. ஒரு குருவிச் சத்தம் கிடையாது. மேலே கிளைகள் நெருப்பை அடிக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நாலு மணிக்கு அதுவும் நின்றது. ஈரத் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு, கரி பிடித்து, யார் எவர் என்று தெரியாமல் இறங்கி வந்தார்கள். புகையும் கூடவே இறங்கியது. வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை சரியாகத் தெரியவில்லை.

“எண்ணுங்க” என்றார் எழிலரசி.

ஒன்று. இரண்டு. மூன்று. இருமல். நான்கு. ஐந்து. ஆறு. ஏழு. எட்டு. ஒன்பது.

“சரி, வண்டில ஏறுங்க.”

அந்த ஒன்பதில் கரகரப்பு இருந்தது. அத்தனை பேருக்கும்தான் அன்றைக்குத் தொண்டை கரகரத்தது. ஆனால் இந்தக் கரகரப்பை நான் நாற்பது வருடமாகக் கேட்கிறேன். ஒன்பதுக்கு மேல் எண்ணக் கூடாது என்பதுதானே உத்தரவு? ஒன்பது என்பது ஒன்பதுக்கு மேல் இல்லையே. அவர் ஓர் எழுத்தையும் மீறவில்லை.

“அம்மா, வண்டிய எடுக்காதீங்க. ஒரு ஆளு கம்மி.”

“ஒன்பது வந்துச்சே.”

“கடைசியா சொன்னது நம்ம ஆளு இல்ல.”

ராமதாஸ் துண்டை அவிழ்த்தான். “முருகையண்ணா, உனுக்குப் புண்ணியமா போவும். இப்ப எருமைக் கதை வேணா. நிக்க முடியல.”

எழிலரசி என்னை உற்றுப் பார்த்தார். நாலில் ஒன்றுதான் உண்மை என்ற பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது. மேலே ஒருவன் கிடக்கிறான். அவன் உயிர் என் நாக்கில் இருந்தது. அந்த நாக்கை நம்ப அங்கே ஒருவரும் தயாராக இல்லை. ஓர் உண்மையை நிரூபிக்க இன்னொரு உண்மையைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. என்னிடம் ஒன்றே ஒன்று இருந்தது.

“எண்பத்தாறுல காணாம போனவன் நான்தாம்மா” என்றேன். “தொலஞ்சி போவல. மேல ஒரு சுனை கீது. நெழலா இருந்துச்சுனு ஒக்காந்தேன், தூங்கிட்டேன். முழிச்சிக்கினு வேற பக்கமா எறங்கி வந்தேன். அவரு என்னத் தேடினு போனாரு. கூட இருந்த ஆறு பேரும் அப்பறம் ஒவ்வொருத்தரா செத்துட்டாங்க. நாப்பது வருசமா அது வேற எவனோன்னு சொல்லினு கீறேன்.”



எழிலரசி வரிசையின் முனைக்குப் போனார். ஒவ்வொருவர் தோளிலும் கையை வைத்து அழுத்திக்கொண்டே வந்தார். எட்டுத் தோள்கள். ஒன்பதாவதற்கு நீட்டிய கை புகைக்குள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். எட்டுத் தோளும் அடுப்பு மாதிரிச் சுட்டதாம். ஒன்பதாவது ஈரமாக, கிணற்றுக் கல் மாதிரிக் குளிர்ந்ததாம். இது நான் சொல்வதல்ல. அவர் பிற்பாடு சொன்னது.

“இனியன் எங்க?” என்றார்.

யாருக்கும் தெரியவில்லை. அவர் கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலே நடந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

“தனியா போவாதீங்கம்மா. அவரும் இப்படித்தான் போனாரு.”

நின்றார். திரும்பி ராமதாஸையும் இன்னும் மூன்று பேரையும் கூப்பிட்டார். பிறகு வரிசையின் அந்தக் காலி முனையைப் பார்த்து, அலுவலகத்தில் பேசுகிற அதே குரலில் சொன்னார்: “சார், அந்த ஆர்டர வாபஸ் வாங்கறேன். நீங்க எண்ணுங்க.”

புகையில் ஒருவரை ஒருவர் தவறவிடாமல் இருக்க, ஐந்து பேரும் எண்ணிக்கொண்டே ஏறினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. உடனே ‘ஆறு’ என்று கேட்டதாம். பின்னாலிருந்து இல்லை, முன்னால், மேலே இருந்து. மறுபடி எண்ணினார்கள். இந்த முறை ஆறு கொஞ்சம் இடது பக்கமாக வந்தது. இடது பக்கம் திரும்பினார்கள். எண்ணுவதும் ஆறைத் தேடிப் போவதுமாக ஏறியிருக்கிறார்கள். இதைச் சொன்னவன் ராமதாஸ். அவனுக்குக் கதை சொல்ல வராது.

நாங்கள் கீழே புகையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெகுநேரம் கழித்து எண்கள் இறங்கி வந்தன. ஒன்று முதல் ஐந்து வரை தெளிவாக. பிறகு ஈனமாக ‘ஆறு’. அது இனியன். அதற்குப் பின்னால், நிதானமாக, ‘ஏழு’.

கணுக்கால் முறிந்து, வற்றிப்போன ஒரு சுனைப் பள்ளத்துக்குள் கிடந்திருக்கிறான். நெருப்பு இரண்டு பக்கமும் தாண்டிப் போயிருக்கிறது. எந்தச் சுனை என்று நான் கேட்கவில்லை. நான் தூங்கிய சுனைதான்.

உத்தரவைக் கிழித்துப் போட்டார்கள். ஆனால் அடுத்த நாள் எட்டுப் பேர் எண்ணியதற்கு ஒன்பது வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. இரண்டு மாதம் அப்படியே போனது. இனியன் கால் சரியாகி வேலைக்கு வந்த அன்றைக்கு எழிலரசி என்னைப் பெஞ்சிலிருந்து கூப்பிட்டார்.

“வரிசைல வந்து நில்லுங்க பெரியவரே. எண்பத்தாறுல நீங்க சொல்லாம விட்ட நம்பர் ஒண்ணு பாக்கி இருக்கு.”

வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு இனியனுக்குப் பக்கத்தில், அந்தச் சிமெண்டுத் தரையில் நின்றேன். எட்டு, ஒன்பது என்று குரல் என்னை நோக்கி வந்தது. ‘பத்து’ என்றேன். பதினொன்றுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. எனக்குக் கொஞ்ச நேரம் கண் தெரியவில்லை, வெயில் அப்படி.

அன்று முதல் பத்து சொல்கிறவன் நான்தான். தினமும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் டீ.

போன வாரம் ஜுரம் வந்து மூன்று நாள் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் மாலையில் ராமதாஸ் ரொட்டி பாக்கெட்டோடு வந்தான்.

“இன்னாண்ணா, காலைல நல்லாத்தானே இருந்த?”

“காலைலயா?”

“வந்து பத்து சொல்லிட்டுப் போனியே. நேத்தும்தான், முந்தா நேத்தும்தான். டீகூட வேணான்னு போய்ட்ட. கொரலு கரகரன்னு இருக்கசொல்லவே நெனச்சேன், ஜொரம் வரப்போவுதுன்னு.”

“ஆமாண்டா, வந்தேன்” என்றேன்.

விடிந்தால் ஜுரம் இருக்கிறதோ இல்லையோ, ஏழு மணிக்கு நான் போய் நின்றாக வேண்டும். எனக்காக அவர் இன்னொரு தடவை அலையக் கூடாது.