தப்பே இல்லாத பாடம்

எங்கள் வட்டார முன்னேற்றச் சங்கத் தலைவர், கல்யாண வீடானால் மாப்பிள்ளையாகவும் சாவு வீடானால் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற ஆள். மைக்கைக் கொடுத்தால் திரும்பி வராது. அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் மைக்கார் என்போம். அப்பேர்ப்பட்டவருக்கு வெளிநாட்டுக் கூட்டு கிடைத்தால் கேட்கவா வேண்டும்?

கடல் தாண்டி ஒரு சங்கம், எங்களைப் போலவே வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துகிறதாம். இரண்டு பக்கமும் ஆசிரியர்கள் போய்வரலாம் என்றார்கள். முதலில் எங்கள் ஆசிரியர் ஒருவர் மூன்று மாதம் அங்கே போய்ப் படிக்கலாம். அதற்கு முன் ஒரு வகுப்பை வீடியோ காலில் காட்ட வேண்டும்.

எங்களுக்கு இருப்பதே ஒரே ஆசிரியர், என் தங்கை. சைக்கிள் கடை மாடியில், டயர் வாசனைக்கு நடுவே கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நான் தையல்காரி. பகலில் அவளை அதட்டுகிற அக்கா, மாலையில் அவளிடம் திட்டு வாங்குகிற மாணவி. அப்பா படுக்கையில் விழுந்தபோது காலேஜைப் பாதியில் விட்டவள் அவள்.

"மூணு மாசம்க்கா! நான் பெஞ்சில உக்காந்திருப்பேன். வேற யாராவது எனக்குப் பாடம் எடுப்பாங்க" என்றாள். முப்பத்தாறு வயதில் அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் பார்த்ததும் தையல் மிஷினை நிறுத்திவிட்டேன். இவள் போயே ஆக வேண்டும் என்று நினைத்தேன்.

மைக்கார் அதில் மண்ணைப் போட்டார். "டிகிரி இல்லாத பொண்ண எப்படிம்மா அனுப்புறது? நம்ம மாப்பிள்ளை பாடம் எடுக்கட்டும். தங்கச்சி ஃபோனைப் பிடிச்சுக்கட்டும். கை நடுங்காத பொண்ணு."

"உங்க மாப்பிள்ளை என்னைக்காவது இந்த மாடிப்படி ஏறியிருக்காரா?"

"நேத்து ஏறினாரே!"

பாவம் அந்த மனுஷன். ஒரே ஒரு கணக்கை ஒரு வாரமாக உருப்போட்டுக்கொண்டு திரிந்தார். தங்கையோ, "விடுக்கா, சங்கம் நல்லா இருந்தா சரி" என்றாள். இவளைப் பெற்ற வயிற்றில்தான் நானும் பிறந்தேனா என்று ஆத்திரமாக வந்தது.

வீடியோ நாள் வந்தது. "யாரும் வாயத் திறக்கக் கூடாது, தலைய மட்டும் ஆட்டுங்க" என்று மைக்கார் உத்தரவு போட்டுவிட்டு, ஃபோன் திரையில் தன் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். திரையின் அந்தப் பக்கம் நாலைந்து வெள்ளைக்காரத் தலைகள். நடுவில், அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு தமிழ்ப் பெண்.

மாப்பிள்ளை கணக்கைப் போட்டார். அறையின் நீளம் பன்னிரண்டு அடி, அகலம் பத்து, தரைக்கு ஓரடி ஓடு எத்தனை? நூற்றிருபது. கையெழுத்துகூட முத்து முத்தாக இருந்தது. நாங்கள் தலையாட்டாமல் போர்டை முறைத்தோம். முடிதிருத்தும் அண்ணன் விரல்விட்டு எண்ணினார். பேக்கரிக்காரர் பெஞ்சை விட்டு எழுந்துபோய் போர்டில் மூக்கை வைக்காத குறையாகப் பார்த்தார்.

"சார், இன்னைக்குத் தப்பு எங்க?" என்று கேட்டேவிட்டார் அண்ணன்.

"தப்பே இல்லீங்க" என்றார் மாப்பிள்ளை, திருதிருவென்று விழித்தபடி.

"தப்பு இல்லாம எப்படி சார் பாடம்?"

"உக்காருய்யா!" என்று மைக்கார் பல்லைக் கடித்தார். அதற்குள் திரையிலிருந்து அந்தப் பெண் கேட்டாள்: "அவங்க எதத் தேடுறாங்க?"

நான் எழுந்துவிட்டேன். "எங்க டீச்சர் தினமும் போர்டுல வேணும்னே ஒரு தப்பு வைப்பாங்கம்மா. அதக் கண்டுபிடிக்கிறவங்க கைக்குச் சாக்பீஸ் வந்துடும். மிச்சப் பாடத்த அவங்கதான் நடத்தணும். பழகிடுச்சு."

"அந்த டீச்சர் எங்க?"

"நெட்வொர்க் சரியில்ல..." என்று மைக்கார் இழுத்தார். நான் பாய்ந்து போய்த் தங்கை கையிலிருந்த ஃபோனைப் பிடுங்கி, அவள் பக்கம் திருப்பினேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள், லூசு.

அவர்கள் அவளை அரை மணி நேரம் குடைந்தார்கள். அவளும் பயம் விட்டுப் பேசினாள். கடைசியில் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிவிட்டு முடிவைச் சொன்னார்கள். அந்தப் பெண் முகமெல்லாம் பல்லாகச் சொன்னாள்: "இவ்வளவு நல்லாச் சொல்லிக்குடுக்கறவங்க இங்க வந்து எதுக்கு மேடம் நேரத்த வீணாக்கணும்? எங்க ஆசிரியர்கள் அங்க வர்றாங்க. நீங்க அவங்களுக்குப் பயிற்சி குடுங்க."

"வருக, வருக!" என்று மைக்கார் கைதட்டினார். வரவேற்பு விழா, பொன்னாடை, மைக், எல்லாம் அவர் கண்ணிலேயே தெரிந்தது. மாப்பிள்ளையும் தப்பித்தேன் பிழைத்தேன் என்று கைதட்டினார். என் தங்கை முகம் மட்டும் செத்துப்போயிற்று. அடப்பாவிகளா, புகழ்ந்தே கவிழ்த்துவிட்டீர்களே! நான் வாயைத் திறக்குமுன் அவளே ஃபோனுக்கு அருகில் வந்தாள்.

"வாங்க, யாரும் வேண்டாம்னு சொல்லல. ஆனா எல்லாரும் எங்கிட்டயே கத்துக்கிட்டா நான் எப்பங்க கத்துக்கறது? அப்பாவுக்குப் பாத்தேன், இவங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன். இனிமே வர்றவங்களுக்கும் சொல்லிக்குடுக்கறேன். எனக்கும் ஒரு டீச்சர் வேணுங்க."

மைக்கார் தட்டின கையை இறக்கினார். தமிழ்ப் பெண் அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். திரையின் கோடியில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என்னவோ கேட்டார்.

"எப்ப வர முடியும்னு கேக்கறாங்க. அவங்கதான் உங்களுக்குப் பாடம் எடுப்பாங்களாம்."

தங்கை விம்மினாள். "நாளைக்கே வருவா!" என்று நான் போட்ட கத்தலில், கீழே சைக்கிள் கடைக்காரர் என்னமோ ஏதோ என்று மேலே ஓடிவந்தார்.