மூன்றாவது ஸ்க்ரூ

உதைத்து உதைத்துத் தச்சனுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. வண்டி ஒருமுறை இருமியது. அவ்வளவுதான். எஞ்சினுக்கு அடியில் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது.

வாசல்படியில் பிளாஸ்க் இருந்தது. அதற்குள் ஐஸ், ஐஸுக்கு நடுவில் ஒரு சின்னப் புட்டி, புட்டியில் அவன் மனைவியின் பால். குறைமாதத்தில் பிறந்த மகள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். வேறு பால் கொடுத்தால் வயிறு உப்பிவிடுகிறது, வேளை தவறக்கூடாது என்று நர்ஸ் கறாராகச் சொல்லியிருந்தாள். மனைவிக்குத் தையல் போட்ட இடம் பழுத்துக் காய்ச்சல். பாலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் பொறுப்பு. இன்று வேலைநிறுத்தம். பஸ்ஸும் இல்லை, ஆட்டோவும் இல்லை.

"என்னங்க, எதிர்வீட்ல வண்டி கேளுங்களேன்." உள்ளே படுத்தபடியே மனைவி குரல் கொடுத்தாள்.

"பத்து நிமிஷம். கார்புரேட்டர்ல தூசி அடைச்சிருக்கு. கழட்டி ஊதினா சரியாயிடும்."

அது உண்மைதான். கோளாறை அவன் சரியாகவே கண்டுபிடித்திருந்தான். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தை நான்கு ஸ்க்ரூக்கள் பிடித்திருந்தன. பெட்ரோல் குழாயை மூடிவிட்டுத் தன் கருவிப்பையைக் கொண்டுவந்தான். முழங்கை நீளத் திருப்புளி ஒன்றை எடுத்துக்கொண்டு மண்ணில் மல்லாந்தான்.

மச்சினி வந்து எட்டிப் பார்த்தாள். அக்காவைக் கவனிக்க வந்தவள். வாய் சும்மா இருக்காது.

"அது கதவு மாட்டுற திருப்புளிதானே, மாமா?"

"ஸ்க்ரூன்னா ஸ்க்ரூதான்."

"அப்ப இழைப்புளியையும் எடுத்துட்டு வரட்டுமா? வழவழன்னு சீவிடலாம்."

அவன் திருப்புளியைத் திருகினான். முதல் ஸ்க்ரூ கழன்றது. இரண்டாவது முரண்டு பிடித்துக் கழன்றது. மூன்றாவது உள்பக்கம் இருந்தது. திருப்புளியின் நீளம் எஞ்சினில் இடித்தது. நேராக நிற்கவில்லை. சாய்த்துப் பிடித்துத் திருகினான். வழுக்கியது.

"வண்டி வாங்கினப்ப ஒரு குட்டிப் பை குடுத்தாங்களே. அதுல கட்டையா ஒண்ணு இருந்துச்சே?"

"அதெல்லாம் பொம்மை. தூக்கிப் போட்டுட்டேன்."

"நல்ல காரியம் பண்ணீங்க."

மரத்தில் திருகு மக்கர் செய்தால் தோளைக் கொடுத்து அழுத்துவான். அழுத்தினால் மரம் வழிவிடும். இங்கேயும் தோளைக் கொடுத்தான். திருப்புளி மறுபடி வழுக்கி அவன் விரலைக் கிழித்தது. ஸ்க்ரூவின் தலையில் இருந்த சிலுவைப் பள்ளம் தேய்ந்து வட்டக்குழி ஆகியிருந்தது.

இனி எந்தத் திருப்புளியும் அதில் உட்காராது. அவனுக்கு அது தெரிந்தது. ஆனாலும் இன்னும் மூன்று திருப்புளிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். குறட்டால் கவ்விப் பார்த்தான். கவ்வ இடமில்லை.

"ஐஸ் கரையுதுங்க," என்றாள் மனைவி. இப்போது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலையருகே வந்திருந்தாள்.

"ஆச்சு. ஆச்சுன்னு சொல்றேன்ல."

உளியை எடுத்தான். யாரையும் தொடவிடாத உளி. முனையை ஸ்க்ரூவின் ஓரத்தில் சாய்வாக வைத்துச் சுத்தியலால் தட்டினான். உளியின் வாய் மடங்கியது. பொருட்படுத்தவில்லை. மறுபடி தட்டினான். ஸ்க்ரூ மயிரிழை நகர்ந்தது. நகர்ந்தேவிட்டது. சந்தோஷத்தில் ஓங்கி அடித்தான்.

சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம். கிண்ணத்தின் மூலை உடைந்து, ஸ்க்ரூவோடு அவன் நெஞ்சின் மேல் விழுந்தது. மிச்ச பெட்ரோல் கழுத்தில் வழிந்தது.

கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். பிறகு குளியலறைக்கு ஓடிச் சோப்பைக் கொண்டுவந்தான். பிசைந்து உடைந்த மூலையில் அப்பினான். பெட்ரோல் குழாயைத் திறந்தான். பெட்ரோல் சோப்பைத் தள்ளிக்கொண்டு ஒழுகியது. இன்னும் கொஞ்சம் அப்பினான். ஒழுகியது. விரலை வைத்து அடைத்தான். விரலை வைத்துக்கொண்டு எப்படி வண்டி ஓட்டுவது?

"மச்சினி, ஒரு துணி குடு. சீக்கிரம்."

யாரும் வரவில்லை. குழாயை மூடிவிட்டு எழுந்தான். படியில் பிளாஸ்க் இல்லை.

"அவ போய் எவ்வளவோ நேரமாச்சு," என்றாள் மனைவி. "நீங்க சுத்தியல எடுத்தப்பவே, எதிர்வீட்லயும் வண்டி இல்லைன்னு பாத்துட்டுக் கெளம்பிட்டா."

"நடந்தா? நடந்து போற தூரமா அது?"

"பத்து நிமிஷம் பத்து நிமிஷம்னு நீங்க படுத்துக் கெடந்தா அவ என்ன பண்ணுவா?" அவள் நிலையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "போங்க. நின்னு என் மூஞ்சியப் பாக்காதீங்க."

செருப்பைத் தேடவில்லை. ஓடினான். பெரிய சாலையில் மச்சினி பிளாஸ்க்கை மாரோடு அணைத்து நின்றிருந்தாள். வருகிற வண்டிக்கெல்லாம் கையை ஆட்டினாள். ஒரு கார் போனது. இன்னொரு கார் போனது. அவள் அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது அவன் பார்த்ததில்லை.

"எவனும் நிறுத்த மாட்டேங்கிறான், மாமா."

தூரத்தில் தண்ணீர் லாரி ஒன்று வந்தது. தச்சன் நடுச்சாலையில் போய் நின்றான். ஹாரன் அலறியது. அவன் நகரவில்லை. லாரி கிறீச்சிட்டு அவனுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"பால்ங்க. ஆஸ்பத்திரில குழந்தை."

டிரைவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். முகமெல்லாம் கிரீஸ், சட்டையெல்லாம் சோப்பு, கையில் ரத்தம். குடித்திருக்கிறான் என்று நினைத்திருக்கவேண்டும். மச்சினி ஓடிவந்து பிளாஸ்க்கைத் திறந்து புட்டியைக் காட்டினாள். ஐஸ் முக்கால்வாசி தண்ணீராகியிருந்தது.

"ஏறும்மா. நீ மட்டும். இந்த ஆளு மேல பெட்ரோல் நாறுது."

தச்சன் அவள் இடுப்பைப் பிடித்து ஏற்றிவிட்டான். கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

"மாமா, அடுத்த வேளைக்கு..." என்று அவள் ஏதோ சொல்ல வந்தாள். லாரி உறுமியதில் மிச்சம் கேட்கவில்லை.

லாரி நகர்ந்தது. அவனும் கூடவே ஓடினான். ஓடி என்ன ஆகப்போகிறது என்று தெரியவில்லை. கால் நிற்கவில்லை. லாரியிலிருந்து சிந்திய தண்ணீரில் கால் வழுக்க வழுக்க, "வேகமா போங்க, வேகமா," என்று கத்திக்கொண்டே ஓடினான்.